குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிள் முரண்டு பிடித்தால்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜனவரி மாதம் சில நாட்களை, வாய்வழித் துப்பாக்கிக்காரர்களின் (வெடித்தூளையும் குண்டையும் குழலின் வாய் வழியாக இட்டுக் கெட்டிப்பவர்களின்) மான் வேட்டைக்கென்றே ஒதுக்குகிறார்கள். நான் கலந்துகொண்ட முதல் வருடம், முதல் நாள் காலை, சரியாக 60 கெஜத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றது. விசையை இழுத்தேன். "டிக்" என்றது. அவ்வளவுதான். மான் காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. காரணம் அன்று மதியமே தெரிந்தது. முந்தின இரவு குழல் துருப்பிடிக்கக் கூடாதே என்று எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தேன். துப்பாக்கியை மூலையில் நிமிர்த்திச் சாத்தியிருந்ததால் எண்ணெய் முழுவதும் மெல்ல இறங்கி, தீ போகும் துளையில் போய்த் தங்கிவிட்டது.

தோட்டா போடும் ரைஃபிளில் பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி), மருந்து, குண்டு எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அடைத்துத் தந்துவிடுகிறார்கள். இங்கே அந்தத் தோட்டாவை ஒவ்வொரு முறையும் குழலுக்குள்ளேயே செய்கிறவர் நீங்கள்தான். அதனால் பத்தில் ஒன்பது கோளாறு கெட்டித்த விதத்திலோ, துடைத்த விதத்திலோ இருக்கிறது. புதுக் குழல் வாங்கலாமா, வேறு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் கீழே உள்ள அறிகுறிகளை ஒருமுறை பாருங்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வெடித்தூளை "மருந்து" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். பழைய கரித்தூள் வகை கருமருந்து. அதற்குப் பதிலாக வந்த பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 போன்றவை பதிலி மருந்து. இன்றைய தோட்டாக்களில் இருப்பது புகையில்லா மருந்து.

எதற்கும் முன்னால்: உங்கள் குழல் எந்த மருந்துக்கானது?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சாதாரண வாய்வழி ரைஃபிள்கள் கருமருந்துக்கும் பதிலி மருந்துக்கும் மட்டுமே கட்டப்பட்டவை. புகையில்லா மருந்தை அதில் ஒரு சிட்டிகை கலந்தாலும் குழலோ, பின்பக்கத்தை அடைக்கும் பிரீச் பிளக்கோ தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது பல மடங்கு அழுத்தத்தைக் கணநேரத்தில் எழுப்பிவிடும். இடது கை விரல்களையும் கண்ணையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

புகையில்லா மருந்துக்கென்றே கட்டப்பட்ட வாய்வழி ரைஃபிள்கள் தனி இனம். வட கரோலினாக்காரரான ஹென்றி பால் என்ற கைவினைஞரின் வடிவமைப்பை எடுத்து, 2000-ஆம் ஆண்டு வாக்கில் சாவேஜ் நிறுவனம் 10எம்எல் என்ற ரைஃபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுமார் பத்து வருடத்தில் அதை நிறுத்தியும் விட்டது. அதன்பிறகு அந்த வேலை பெரும்பாலும், ஆர்டர் எடுத்து ஒவ்வொன்றாகச் செய்யும் துப்பாக்கிக் கம்மியர்களிடம் போனது. அப்படிப்பட்ட ரைஃபிளுக்கு எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்பதை அதைக் கட்டியவர் எழுத்தில் தருவார். வேறு எவருடைய அளவையும் அதில் போடக் கூடாது. இந்தக் குறிப்பிலும் அந்த அளவுகளை நான் தரப்போவதில்லை. அந்த ரைஃபிளுக்குரிய அறிகுறிகள் பின்னால் தனியாக வருகின்றன.

"டிக்" என்றது, வெடிக்கவில்லை

முதல் காரியம், துப்பாக்கியை அசைக்காமல் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருங்கள். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு. இரண்டு நிமிடமாவது காத்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்தே எண்ணுங்கள், மான் நிற்கும்போது மனசு சொல்லும் இரண்டு நிமிடம் பத்து விநாடிகூட இருக்காது.

அப்புறம் பிரைமரை வெளியே எடுத்துப் பாருங்கள். கேள்வி ஒன்றுதான்: பிரைமர் வெடித்ததா?

வெடிக்கவில்லை, நடுவில் லேசான பள்ளம் மட்டும் இருக்கிறது என்றால், ஊசி பலமாக அடிக்கவில்லை. குளிர்காலத்தில் இதற்கு முதல் காரணம் ஊசியையும் ஸ்பிரிங்கையும் கொண்ட பின்மூடியான போல்ட்டுக்குள் இருக்கும் கெட்டியான எண்ணெய். உறைநிலைக்குக் கீழே அது பசைபோல ஆகி ஸ்பிரிங்கின் வேகத்தைத் தின்றுவிடும். போல்ட்டைக் கழற்றி, கரைப்பானில் கழுவி, உலர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள். பள்ளமே இல்லையென்றால் பிரைமர் முழுதாக உள்ளே உட்காரவில்லை, அல்லது போல்ட் முழுதாக மூடவில்லை.

பிரைமர் வெடித்துக் கருகியிருக்கிறது, ஆனால் உள்ளே மருந்து பற்றவில்லை என்றால், தீ வழியில் நின்றுவிட்டது. எண்ணெய், ஈரம், கரி, இந்த மூன்றில் ஒன்று. சில சமயம் நான்காவதும் உண்டு: மருந்தே போடவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

புதுப் பிரைமர் போட்டு, சுடுதளத்தில் பாதுகாப்பான திசையில் இன்னொரு முறை முயலலாம். அதுவும் போகவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்ப இரண்டு நிமிடம் காத்து, பிரைமரை எடுத்துவிட்டு, பிரீச் பிளக்கைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, குண்டை ராம்ராடால் (குண்டை இறக்கும் நீளக் கம்பியால்) தள்ளி எடுங்கள். பிரைமர் குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் இன்லைன் வகையின் பெரிய வசதியே இதுதான். மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் எம்கே-85 ரைஃபிளைக் கொண்டுவந்தபோது, பற்றவைப்பைக் குழலுக்கு நேர் பின்னால் வைத்ததோடு, பிளக்கைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து துடைக்கவும் வழி செய்தார். பக்கவாட்டில் சுத்தியல் உள்ள பழைய வகையில் இந்த வசதி கிடையாது. அதற்குக் கரியமில வாயுக் குப்பியால் குண்டை வெளியே தள்ளும் சிறு கருவி கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும்போதும் குழல்வாய்க்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

இது நடக்காமல் இருக்க, வேட்டைக்குக் கெட்டிப்பதற்கு முன் உலர்ந்த துணித்துண்டால் குழலை இரண்டு முறை துடைத்து எண்ணெயை எடுங்கள். பிறகு மருந்தில்லாமல் வெறும் பிரைமரை இரண்டு மூன்று முறை வெடித்துப் பாருங்கள். குழல்வாயை ஒரு காய்ந்த இலைக்கு அருகில் வைத்து வெடித்தால், இலை துள்ள வேண்டும். துள்ளினால் வழி திறந்திருக்கிறது. இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனையோ காலைகளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. பிரைமருக்குப் பதில் கேப் (சுத்தியல் அடிக்கும் சிறு வெடித்தொப்பி) போடும் பழைய வகைக்கும் இதே சோதனைதான்.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வெளியே குளிர்ந்த துப்பாக்கியை இரவில் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால், குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூப்பது போலக் குழலின் உள்ளும் புறமும் பூக்கும். மருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாளும் வேட்டை இருந்தால், பிரைமரை எடுத்துவிட்டு, குளிரான, பூட்டிய இடத்தில் வைப்பது நல்லது. பிரைமர் இல்லாத துப்பாக்கியைச் சட்டம் கெட்டிக்காததாகக் கருதுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உங்கள் மாநில விதியைப் படித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு மாலையும் மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நானும் இப்போது அப்படித்தான். குண்டும் மருந்தும் வீண் என்று தோன்றும். தோன்றட்டும்.

"டிக்... டூம்": தாமதித்து வெடிக்கிறது

விசைக்கும் வெடிக்கும் நடுவே காது பிரித்தறியும் அளவுக்கு இடைவெளி இருந்தால், தீ பலவீனமாகப் போகிறது என்று பொருள். அந்த இடைவெளியில் குழல் ஆடிவிடும். குறி நிச்சயம் தவறும், மான் காயத்தோடு ஓடும். அதனால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளாக்ஹார்ன் 209 பயன்படுத்துகிறவர்கள்தான் இந்தப் புகாரை அதிகம் சொல்வார்கள். 2008-இல் வந்த இந்த மருந்து துடைக்காமலே பல முறை சுட விடும், துருவும் குறைவு. ஆனால் பற்றவைப்பதில் கொஞ்சம் பிடிவாதம். அதற்கு மூன்று தேவை. முதலாவது, சூடான, அதாவது தீ பலமாக வரும், 209 வகைப் பிரைமர். வாய்வழித் துப்பாக்கிக்கென்று விற்கும் மிதமான பிரைமர்கள் இதற்குப் போதாது. இரண்டாவது, அதற்கேற்ற பிரீச் பிளக். மூன்றாவது, இறுக்கமாக உட்காரும் குண்டு. குண்டு தளர்வாக இருந்தால் அழுத்தம் சேராது, மருந்து சோம்பலாக எரியும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் தாமதம் வந்தால், பிளக்கின் தீ வழியில் கரி கெட்டிப்பட்டிருக்கும். கரைப்பானில் ஊறவைத்தாலும் இந்தக் கரி போகாது, சிமென்ட் மாதிரி இருக்கும். எட்டில் ஒரு அங்குல டிரில் பிட் பெரும்பாலான பிளக்குகளின் அகன்ற பாதைக்குப் பொருந்தும். பிட்டைக் கையாலேயே திருப்பிச் சுரண்டி எடுங்கள். மின்சார டிரில்லில் மாட்ட வேண்டாம், எஃகையே தின்றுவிடும். முனையில் இருக்கும் நுண்துளைக்கு அதற்கான மெல்லிய கம்பி. ஒவ்வொரு முறை சுடுதளம் போய் வந்ததும் இதைச் செய்துவிட்டால் போதும்.

பைரோடெக்ஸ் வில்லைகள் போடுகிறீர்களா? ஒரு முனை கருத்திருக்கும், அங்கே கருமருந்துப் பூச்சு உண்டு. அந்த முனை பிரைமர் பக்கம் இருக்க வேண்டும். இருட்டில் கெட்டிக்கும்போது தலைகீழாகப் போட்டுவிடுவது எளிது. டிரிபிள் செவன் வில்லைகளுக்கு இந்தத் திசைக் கணக்கு இல்லை.

இரண்டாவது குண்டு பாதியில் நின்றுவிட்டது

முதல் குண்டு வெண்ணெய் போல இறங்கியது, இரண்டாவது கடைசி நான்கு விரற்கடையில் முரண்டு பிடிக்கிறது. இதுதான் வாய்வழி ரைஃபிளில் மிக ஆபத்தான அறிகுறி.

மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி விட்டுச் சுடக் கூடாது. அப்படி நிற்கும் குண்டு அடைப்பு போலத்தான், குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். "கொஞ்சம்தானே நிற்கிறது, சுட்டுத் தள்ளிவிடலாம்" என்று சுடுதளத்தில் யாராவது சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை வெளியே எடுங்கள்.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரே வழி ராம்ராடில் கோடு போடுவது. நீங்கள் எப்போதும் போடும் அளவு மருந்தும் குண்டும் முழுதாக இறங்கிய பிறகு, குழல்வாய் விளிம்புக்கு நேராக ராடில் ஒரு கோடு கீறுங்கள். காலிக் குழலுக்கு இன்னொரு கோடு. இனி ஒவ்வொரு முறையும் முதல் கோடு விளிம்போடு பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே பிரைமர் போடுங்கள். கோடு மேலே நின்றால் குண்டு இறங்கவில்லை, அல்லது மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது. கீழே போனால் மருந்து குறைவு. காலிக் கோட்டைத் தொட்டால், உள்ளே எதுவும் இல்லை.

ஏன் நிற்கிறது? கருமருந்து எரிந்தால் ஏறத்தாழ பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். பொட்டாசியம் உப்புகள், கரி. அந்தச் சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமான நாளில் குழைவாகவும், வறண்ட நாளில் ஓடு போலவும் குழலில் ஒட்டியிருக்கும். டிரிபிள் செவனில் கதை கொஞ்சம் வேறு: மருந்து முடிந்து குண்டு தொடங்கும் இடத்தில் கடினமான வளையம் ஒன்று உருவாகும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதைக் கசட்டு வளையம் என்கிறார்கள். சூடான பிரைமர் இதை அதிகமாக்கும். ஆகவே பிளாக்ஹார்னுக்குச் சொன்ன அறிவுரை இங்கே தலைகீழ்: டிரிபிள் செவனுக்கு மிதமான பிரைமர்.

கருமருந்தானாலும் டிரிபிள் செவனானாலும் இரண்டு குண்டுக்கு நடுவில் துடைப்பதுதான் தீர்வு. துணித்துண்டை லேசாக நனைத்து, சொட்டச் சொட்ட வேண்டாம், வளையம் இருக்கும் இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு அசைவு. பிறகு உலர்ந்த துண்டு ஒன்று. உலர்ந்த துண்டை விட்டுவிட்டால் ஈரம் பிளக்கில் இறங்கி, முதலில் சொன்ன "டிக்" திரும்ப வரும். பிளாக்ஹார்னுக்கு இந்த நடுத்துடைப்பு பொதுவாகத் தேவையில்லை. வேலை முடிந்து கழுவும்போது கருமருந்து, பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் ஆகியவற்றுக்குச் சோப்பு கலந்த வெந்நீர். பிளாக்ஹார்ன் தண்ணீரில் கரையாது, அதற்குத் துப்பாக்கிக் கரைப்பான்.

குண்டுகள் தாளில் சிதறுகின்றன

100 கெஜத்தில் மூன்று குண்டும் ஒரு கைக்குட்டையளவு பரப்பில் சிதறினால், எதையும் மாற்றுவதற்கு முன் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப் வளையங்கள், அடித்தட்டு, குழலைக் கட்டையோடு பிடிக்கும் திருகு. வாய்வழி ரைஃபிளின் உதை கனமானது, ஒரு காலையிலேயே திருகு தளர்ந்துவிடும். ஒரு நண்பருடைய ரைஃபிளில் இரண்டு வாரம் குண்டு மாற்றி, மருந்து மாற்றிப் போராடினோம். கடைசியில் முன்வளையத் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

அடுத்தது அளவு. கருமருந்தையும் பதிலி மருந்தையும் கொள்ளளவால் அளக்க வேண்டும். அளவுக் குழாயில் 100 கிரெயின் (மருந்துக்கான சிறு எடை அலகு) என்றால், அது கருமருந்தின் 100 கிரெயின் எடைக்குச் சமமான கொள்ளளவு. அதே கொள்ளளவு பிளாக்ஹார்ன் 209 தராசில் சுமார் 70 கிரெயின்தான் நிற்கும். இதைத் தெரியாமல் தராசில் 100 கிரெயின் நிறுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளாக்ஹார்னுக்குச் சொல்லப்படும் உச்சவரம்பு கொள்ளளவில் 120, எடையில் 84 கிரெயின். அதைவிடவும் அதிகமாகப் போட்டுவிட்டு, உதை பலமாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். டிரிபிள் செவனும் கருமருந்தைவிடச் சக்தி மிக்கது, கருமருந்து அளவிலிருந்து 15 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறார்கள். எந்த மருந்தானாலும் உச்சவரம்பை அந்த ரைஃபிளின் கையேட்டில் பாருங்கள்.

உச்சத்தில்தான் துல்லியம் என்று எண்ண வேண்டாம். என் .50 (குழல்விட்டம் அரை அங்குலம்) ரைஃபிள் 110 கிரெயினில் சிதறியது, 90-இல் மூன்று குண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. 90-இல் அடிபட்ட மான் அந்த 20 கிரெயின் குறைவை உணரப்போவதில்லை.

குழலின் முறுக்கும் (உள்வரிகள் சுற்றும் வேகம்) குண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இன்றைய .50 இன்லைன் ரைஃபிள்களில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டுக்கும் சேபோ (பிளாஸ்டிக் உறையிட்ட) குண்டுக்கும் அது ஏற்றது. பழைய பாணி ரைஃபிள்களில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரை மெதுவான முறுக்கு இருக்கும். அதில் துணி சுற்றிய உருண்டைக் குண்டு அற்புதமாகப் போகும், நீளக் குண்டு தலைகீழாகப் புரண்டு, தாளில் சாவித்துளை போன்ற ஓட்டை விழும். 48-க்கு ஒன்று என்பது இரண்டுக்கும் நடுவிலான சமரசம். தாளில் சாவித்துளை கண்டால் மருந்தைத் தொடாதீர்கள், குண்டை மாற்றுங்கள்.

சேபோ என்பது குண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை. அது குழலின் வரிகளைப் பிடித்துக் குண்டைச் சுழற்றி, வெளியே வந்ததும் இதழ் விரித்து விழுந்துவிடும். சுட்ட சேபோக்களைத் தேடி எடுத்துப் பாருங்கள், பொதுவாக முன்னால் 15 முதல் 30 கெஜத்துக்குள் கிடக்கும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நன்றாகப் பேசும் சாட்சி வேறு இல்லை. இதழ்கள் சமமாக விரிந்து, அடிப்பகுதி முழுதாக இருந்தால் சரி. ஒரு இதழ் மட்டும் பிய்ந்திருந்தால் குழல்வாய் விளிம்பில் சேதமா, உள்ளே பிசிரா என்று தேடுங்கள். அடிப்பகுதி உருகியோ கருகியோ இருந்தால் மருந்து அதிகம், அல்லது குழல் சூடாகிவிட்டது. கோடைகாலத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குண்டு என்று சுட்டால் பிளாஸ்டிக் இளகி, குண்டு எங்கோ போகும். குழலைக் கையால் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகு அடுத்ததைச் சுடுங்கள். வேட்டையில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு, அதையே பழகுங்கள்.

சேபோ இறங்கும் இறுக்கமும் முக்கியம். ராடைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாலே விழுகிறது என்றால் தளர்வு. அது மரத்தில் ஏறி இறங்கும்போது மருந்திலிருந்து நகர்ந்தும் போகலாம், அப்போது காற்றிடைவெளி ஆபத்து வந்துவிடுகிறது. உடல் எடை முழுவதையும் போட்டால்தான் இறங்கும் என்றால் ரொம்ப இறுக்கம்.

கொலராடோ மாநிலத்துக்கு எல்க் (பெரிய மான்) வேட்டைக்குப் போகத் திட்டமிருந்தால் இன்னொன்று. அங்கே வாய்வழிப் பருவத்தில் சேபோ, வில்லை மருந்து, புகையில்லா மருந்து, ஸ்கோப் எதற்கும் அனுமதி இல்லை. ஒஹாயோவில் சேபோவும் ஸ்கோப்புமாகச் சரிசெய்த ரைஃபிள் அங்கே பயன்படாது. குழல் அளவுக் குண்டும் தூள் மருந்தும் வெறுங்கண் குறியுமாக, கோடையிலேயே புதிதாகத் தொடங்குங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று குண்டாவது சுட்டு, நோட்டில் எழுதிவையுங்கள். மருந்தையும் சேபோவையும் ஒரே நாளில் மாற்றி, துல்லியம் கூடினால் எதனால் கூடியது என்று தெரியாது. கெட்டால் அதைவிட மோசம்.

பிரைமரைச் சுற்றிப் புகை, போல்ட் முகம் கருத்திருக்கிறது

பிரைமருக்கும் பிளக்கின் குழிக்கும் நடுவில் இடைவெளி. வாயு பின்னால் கசிகிறது. பிரைமர்கள் கம்பெனிக்குக் கம்பெனி விளிம்பில் நூலிழை வேறுபடும், ஆகவே முதலில் வேறு பிரைமரை முயன்று பாருங்கள். சில பிளக்குகளில் சிறு ரப்பர் ஓ ரிங் இருக்கும், அது நைந்திருந்தால் மாற்றுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் பிளக் தேய்ந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடுகிறவர்கள் இந்த இடத்திலாவது மனம் மாறுங்கள்.

கல்துப்பாக்கி: தட்டில் பளிச், குழலில் மௌனம்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் வாய்வழிப் பருவம் கல்துப்பாக்கிக்கு (கல் எஃகில் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய வகைக்கு) மட்டுமே உரியது. அங்கே இது அன்றாடப் புகார். குழலுக்குப் பக்கத்தில் உள்ள தட்டில் மருந்து எரிகிறது, தீ உள்ளே போகவில்லை. தீத்துளையை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். தட்டில் மருந்தைக் கொட்டி நிரப்ப வேண்டாம். துளையை மூடிவிட்டால் அது திரி மாதிரி மெதுவாகத்தான் எரிந்து உள்ளே போகும். துளையை மூடாத அளவு, மாவு போன்ற நாலு எஃப் கருமருந்து போதும். இங்கே பதிலி மருந்து சரிப்படாது, அதைப் பற்றவைக்கத் தேவையான சூடு கல்லின் பொறியில் இல்லை.

பொறியே வரவில்லை என்றால் கல்லின் விளிம்பு மழுங்கிவிட்டது. பித்தளைக் கம்பியால் விளிம்பில் மெல்லத் தட்டிச் செதுக்குங்கள், அல்லது புதுக் கல் போடுங்கள். புதுக் கல்லுக்கும் பொறி வரவில்லை என்றால் எஃகுத் தகடு மென்மையாகிவிட்டது, அதைக் கம்மியர் மறுபடி கடினப்படுத்த வேண்டும்.

மருந்து போடாமல் குண்டை இறக்கிவிட்டேன்

பேச்சுக் கொடுத்துக்கொண்டே கெட்டித்தால் எல்லோருக்கும் நடக்கும். ராம்ராடின் கோடு உடனே சொல்லிவிடும். இன்லைன் என்றால் பிளக்கைக் கழற்றித் தள்ளி எடுங்கள். பழைய வகை என்றால் வாயுக் கருவி, இல்லையென்றால் குண்டில் திருகி இழுக்கும் திருகாணி. திருகாணி போடுவதற்கு முன் மருந்து நிச்சயமாக இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் தீத்துளை வழியாகத் தண்ணீர் விட்டு நனைத்துவிடுங்கள்.

புகையில்லா ரைஃபிளில்: போல்ட் தூக்க வரவில்லை, பிரைமரில் ஓட்டை

கம்மியர் கட்டித்தரும் புகையில்லா ரைஃபிள்களில் பெரும்பாலும் ரெமிங்டன் 700 பாணி போல்ட் இருக்கும். பெரிய ரைஃபிள் பிரைமர் ஒரு சிறு கூட்டில் உட்காரும். அதற்கும் மருந்துக்கும் நடுவே ஊசித்துளை கொண்ட ஒரு திருகு, தீத்துளைத் திருகு. எரியும் வாயு அந்த வழியாகப் பின்னால் போகாமல் தடுப்பது அந்த நுண்துளையின் வேலை. ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டுப் பெரிதாகும். பெரிதானால் பிரைமர் மீது அழுத்தம் ஏறும்.

அதன் படிகள் இப்படி: முதலில் பிரைமரின் முகம் வழக்கத்தைவிடத் தட்டையாகும். பிறகு ஊசி விழுந்த இடத்தில் கருத்த வட்டம், அடுத்தது ஓட்டை. போல்ட் தூக்குவது கனமாகும். இதில் எதைக் கண்டாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். திருகின் துளையை, கட்டியவர் சொன்ன அளவிலான டிரில் பிட்டின் தண்டால் சோதியுங்கள். தண்டு உள்ளே போனால் திருகை மாற்றும் நேரம். புதுத் திருகு போட்டும் அறிகுறி நீடித்தால், மருந்தைக் குறைத்துப் பார்ப்பது, பிரைமர் மாற்றிப் பார்ப்பது என்று நீங்களே இறங்க வேண்டாம். ரைஃபிளைக் கட்டியவருக்கே அனுப்புங்கள். எத்தனை குண்டு சுட்டது, எந்த மருந்து, எந்த டப்பா, எப்போது தொடங்கியது என்று எழுதி, சுட்ட பிரைமர்களையும் ஒரு பையில் போட்டு அனுப்பினால் அவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.

இந்த ரைஃபிள்களில் துல்லியம் திடீரென்று கெட்டால், முதலில் குண்டின் பொருத்தத்தைப் பாருங்கள். இங்கே பல பேர் சேபோ இல்லாமல், குழலின் அளவுக்கே அச்சில் அழுத்திச் சிறிதாக்கிய குண்டைப் போடுகிறார்கள். ஒரே கம்மியர் கட்டிய இரண்டு குழல்களே நூலிழை வேறுபடும். நண்பரின் அச்சில் அழுத்திய குண்டு உங்கள் குழலில் தளரலாம். தளர்ந்த குண்டில் மருந்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதிரி எரியும், தாளில் குண்டுகள் மேலும் கீழுமாக விழும். இடம் வலமாகச் சிதறினால் பொதுவாகச் சுடுகிறவரையோ கட்டைத் திருகையோ சந்தேகிக்கலாம். மேல்கீழ் என்றால் பற்றவைப்பும் பொருத்தமும்.

பிரீச் பிளக் கழலவில்லை

ஊடுருவும் எண்ணெயில் ஒரு இரவு ஊறட்டும். மறுநாள் கொதிநீரைக் குழலில் ஊற்றிச் சூடேற்றி, அந்த ரைஃபிளுக்கான சாவியால் திருப்புங்கள். பைப் ரென்ச் போட்டால் பிளக்கின் தலை போய்விடும். நீண்ட காலம் கெட்டித்து வைத்திருந்த ரைஃபிள் என்றால், ராடின் கோட்டைப் பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதிசெய்த பிறகே இதில் கை வையுங்கள். இனிமேல் மாட்டும்போது மரைகளில் ஒட்டாப் பசையைத் தடவுங்கள். பருவம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

துடைக்கும்போது ஓரிடத்தில் துணி தளர்கிறது

துணித்துண்டு குழல் முழுக்க ஒரே இறுக்கத்தோடு போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்து, பிறகு திரும்ப இறுகினால், அங்கே குழல் உள்ளுக்குள் வளையமாக வீங்கியிருக்கிறது. காற்றிடைவெளியோடு எப்போதோ ஒருமுறை சுட்டிருப்பார்கள். வெளியே விரலால் தடவினால் சில சமயம் மேடு தெரியும், பல சமயம் தெரியாது. விளக்கை ஒரு முனையில் வைத்து மறுமுனையிலிருந்து பார்த்தால் கருத்த வளையமாகத் தெரியும். பழைய துப்பாக்கி வாங்கும்போது நான் முதலில் செய்யும் சோதனை இதுதான். விற்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் செய்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.

அந்த வளையத்தைச் சரிசெய்ய வழி கிடையாது. இன்னும் நன்றாகத்தான் சுடுகிறது என்று சொல்லி வைத்துக்கொள்ளவும் கூடாது. குழலைக் கழற்றி, கம்மியரிடம் கொடுத்து, வேறு யார் கைக்கும் போகாதபடி வெட்டிப் போடச் சொல்லுங்கள். கட்டையும் விசையும் நல்ல நிலையில் இருந்தால் புதுக் குழலுக்கு உதவும்.